அவரைக்காய் அக்கி ரொட்டி

பழைய மைசூர்ப் பகுதியின் குளிர்கால உணவு. அரிசி மாவில் பச்சை மொச்சையும் சதகுப்பைக் கீரையும் சேர்த்துத் தட்டப்படுவது. கன்னடத்தில் 'அவரைக்காய்' என்பது நாம் மொச்சை என்று உரித்துச் சமைக்கும் காயையே குறிக்கும். மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்ச் சந்தைகளில் இது குவியும். மாகடிப் பக்கத்துக் காய்க்குத் தனி மதிப்பு உண்டு.

மொச்சையை உப்பிட்டு, குழையாமல் வேகவைத்து, மாவுடன் நறுக்கிய கீரை, பச்சை மிளகாய், வெங்காயம், தேங்காய்த் துருவல், சீரகம் கலப்பார்கள். அரிசி மாவில் கோதுமையின் பசைத்தன்மை இல்லாததால் வெந்நீர் ஊற்றிப் பிசைவது நல்லது. மாவு சற்றே வெந்து, விரிசலின்றிப் படியும். எண்ணெய் தடவிய ஆறிய தோசைக்கல்லில் மாவை விரல்களால் மெல்லியதாகத் தட்டி, ஆங்காங்கே துளையிட்டு எண்ணெய் விட்டு, மூடி வேகவைக்க வேண்டும். சூடான கல்லில் தட்டினால் கை சுடும், மாவும் பரவாது. அதனால் ஒவ்வொரு ரொட்டிக்கும் கல்லை ஆறவிடுவர். அவசரத்துக்கு வாழையிலையில் தட்டிப் போடுவதும் உண்டு. சதகுப்பையைத் தவிர்த்துக் கொத்தமல்லி மட்டும் போட்டால் இதன் உயிரான மணமே போய்விடும். வெண்ணெயும் தேங்காய்ச் சட்டினியும் தொட்டுக்கொள்ள ஏற்றவை.