துரை எழுதிக் கொடுத்த காகிதம்

மதுராந்தகத்தில் யாரைக் கேட்டாலும் கலெக்டர் லயனல் பிளேஸ் கதையைச் சொல்வார்கள். அடைமழையில் ஏரி உடையப்போன இரவில், கரைமேல் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைத் துரை பார்த்தாராம். ஊர்க் கோயிலின் சாமிக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பெயர் வந்தது அப்படித்தான் என்பார்கள். எனக்கு அதே துரையின் இன்னொரு கதைதான் பிடிக்கும். அதில் சாமி வரவில்லை, ஒரு காகிதம்தான் வருகிறது.

பக்கத்து ஊர் வேடந்தாங்கல். வேடர்கள் தங்கிய இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள், வேடிக்கைதான். அங்கே ஏரிக்கு வந்த பறவைகளை வெள்ளைக்கார சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் பிளேஸ் ஒரு 'கவுல்', அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கொடுத்தார்: பறவைகளைக் காக்கிற உரிமை ஊருக்கு.

ஜீவகாருண்யம் என்று சட்டென நினைத்துவிட வேண்டாம். தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டும். எச்சம் ஏரியில் விழும். மதகு திறந்தால் அந்தத் தண்ணீர் நெல்வயலுக்குப் போகும். காசு கொடுக்காத உரம்! கணக்குப் பார்த்துத்தான் காத்திருக்கிறார்கள். அதனால அந்தப் பாசம் மட்டமா? எனக்கு அப்படித் தோணல. கணக்கு இருந்ததால்தான் 1858-இல் மறுபடியும் போய்க் கவுலைப் புதுப்பித்து வாங்கினார்கள்.

ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது 2022-இல்.