எத்தனை வாட்? வீட்டு ஸ்பீக்கரின் நூறு வருடக் கதை



வீடு கட்டி முடித்து, டைல்ஸ் பதித்து, சுவரில் பெரிய டீவியும் ஏறிய பிறகு பலரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், நல்ல சவுண்ட் செட் ஒன்று எடுக்கணும். எத்தனை வாட் எடுத்தால் சரி?" விஞ்ஞானம் படிப்பிப்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். என் பதில், வாட் என்பது முதல் கேள்வி அல்ல, கடைசிக் கேள்வி என்பதுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளங்க வைக்க, வீட்டுக்குள் சத்தம் வந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

கதை வாட்டே இல்லாத காலத்தில் தொடங்குகிறது. 1877இல் எடிசன் பேசும் இயந்திரத்தைச் செய்தார். பத்து வருடம் கழித்து எமில் பெர்லினர் தட்டுக் கிராமபோனைக் கொண்டுவந்தார். இவற்றுக்குக் கரண்ட் தேவையில்லை. சாவி கொடுத்தால் தட்டு சுழலும். ஊசியின் அதிர்வு மெல்லிய தகடொன்றை ஆட்டும். அந்தச் சின்னச் சத்தத்தைப் பெரிய குழல் அறை முழுக்கக் கொண்டுபோகும். குழல் புதிதாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. தகட்டில் இருக்கிற சக்தியை வீணாக்காமல் காற்றிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். இதிலேயே முதல் பாடம் இருக்கிறது. சத்தம் எவ்வளவு வரும் என்பது, உள்ளே எவ்வளவு சக்தி போகிறது என்பதில் மட்டும் இல்லை, அதில் எவ்வளவு காற்றுக்குப் போய்ச் சேர்கிறது என்பதிலும் இருக்கிறது.

அடுத்த திருப்பம் 1925. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் என்ற இரண்டு பொறியியலாளர்கள் குழல் இல்லாத ஒலிபெருக்கி ஒன்றை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய கடதாசிக் கூம்பு. சுருளுக்குள் மின்னோட்டம் மாறிமாறிப் போக, கூம்பு முன்னும் பின்னும் ஆடும். அடுத்த வருடமே அது றேடியோலா 104 என்ற பெயரில், உள்ளேயே அம்ப்ளிபயரோடு சந்தைக்கு வந்தது. இன்று உங்கள் வீட்டு ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தாலும் அநேகமாக அதே காந்தம், அதே சுருள், அதே கூம்புதான். நூறு வருடத்தில் அடிப்படை மாறவில்லை.

அதே 1925இல், டிசம்பர் 16ஆம் திகதி, கொழும்பு வானொலி ஆரம்பமானது. அதற்கு இரண்டு வருடம் முன்னரே தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கியின் வானொலிக் கருவிகளைக் கொண்டு பரீட்சார்த்தமாகக் கிராமபோன் இசையை ஒலிபரப்பியிருந்தார். ஆகவே நாட்டுக்கு வானொலியும், உலகத்துக்கு நவீன ஸ்பீக்கரும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். 1949இல் கொழும்பு வானொலி 'றேடியோ சிலோன்' ஆனது. அந்தக் காலத்து வால்வு றேடியோக்களின் மரப்பெட்டிகளை இன்றும் சில வீடுகளில் காணலாம். மூத்தவர்கள் இன்றும் "அந்தக் குரல் இனிமை இப்ப எங்கே?" என்று சொல்வார்கள். அது வெறும் பழைய ஞாபகத்தின் இனிப்பு மட்டுமல்ல. அந்த றேடியோக்களின் சக்தி பெரும்பாலும் ஐந்து வாட்டைத் தாண்டாது. ஆனால் கூம்பு பெரியது, பாரம் குறைந்தது. பெட்டியும் பெரியது. கொடுத்த கொஞ்ச வாட்டில் நிறைய சத்தம் தந்தது.

சினிமா தியேட்டர்களிலும் இதே கதைதான். 1930களில் பேசும் படம் வந்தபோது கையில் இருந்த அம்ப்ளிபயர்கள் பத்து வாட் சுற்றுவட்டத்தில்தான் இருந்தன. அதைக் கொண்டு பெரிய மண்டபத்தையே நிரப்பினார்கள். எப்படி? மனிதர் நுழையக்கூடிய அளவு பெரிய குழல் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தார்கள். 1940களில் அமெரிக்கரான போல் கிளிப்ஷ் அந்தக் குழலை மடித்து, வீட்டு மூலையில் நிற்கிற அலுமாரி போன்ற பெட்டிக்குள் அடக்கினார். அறையின் இரண்டு சுவர்களையே குழலின் தொடர்ச்சியாகப் பயன்படுத்தினார். அதற்கு ஒரு வாட் கொடுத்தாலே காது நிறையும். ஆனால் அலுமாரி அளவு பெட்டிக்கு யார் வீட்டில் இடம் இருக்கிறது?

இந்த இடத்தில் ஓர் ஆசிரியரும் மாணவரும் வருகிறார்கள். எட்கார் வில்சர் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஒலி பற்றி மாலை வகுப்பு எடுத்தவர். ஹென்றி குளொஸ் அந்த வகுப்புக்கு வந்த இளைஞர். அதுவரை பெட்டியைச் சின்னதாக்கினால் பாஸ் செத்துவிடும் என்பதுதான் நிலைமை. வில்சர் தலைகீழாக யோசித்தார். கூம்பைப் பிடித்திருக்கும் இறுக்கமான தாங்கியைத் தளர்த்திவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே அடைபட்ட காற்றே சுருள்வில்லாக வேலை செய்தது. காற்று என்ற வில் மற்ற எதையும்விட ஒரே சீராகத் தள்ளும். 1954இல் இருவரும் சேர்ந்து 'அக்கூஸ்டிக் றிசேர்ச்' நிறுவனத்தை ஆரம்பித்து ஏ.ஆர்.-1 ஸ்பீக்கரை வெளியிட்டார்கள். புத்தக அலுமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து அலுமாரி அளவு பெட்டியின் பாஸ் வந்தது. நான்கு வருடத்தில் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளுக்கு வந்தபோது, ஒரு வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வைப்பது நடைமுறைக்குச் சாத்தியமானதற்கு இந்தச் சின்னப் பெட்டிதான் பெரிய காரணம்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. ஏ.ஆர். ஸ்பீக்கர்கள் வாட்டைக் குடித்தன. பழைய பெட்டிகள் ஐந்து வாட்டில் தந்த சத்தத்துக்கு இவை பல மடங்கு கேட்டன. குளொஸுடன் சேர்ந்து பின்னர் கே.எல்.எச். நிறுவனத்தை அமைத்த அன்டன் ஹொப்மன் இதை ஒரு விதியாகவே வகுத்தார். சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் உரத்த சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். உலகத்தில் எந்தக் கம்பனியும், எந்த விலைக்கும், இந்த விதியை இன்றுவரை உடைக்கவில்லை. ஸ்பீக்கரின் வரலாறு என்பதே யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்ற வரலாறுதான். கிளிப்ஷ் இடத்தை விட்டுக்கொடுத்தார். வில்சர் வாட்டை விட்டுக்கொடுத்தார். 1970களில் பி.பி.சி. பொறியியலாளர்கள் வெளிக்கள ஒலிபரப்பு வேனுக்குள் வைப்பதற்காக எல்.எஸ்.3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். உயரம் ஓரடி மட்டுமே. அவர்கள் ஆழமான பாஸையும் உரத்த சத்தத்தையும் விட்டுக்கொடுத்து, மனிதக் குரலின் தெளிவைக் காப்பாற்றினார்கள். அது இன்றும் விரும்பித் தேடப்படுகிற ஸ்பீக்கர்.

சின்னப் பெட்டிகள் வாட் கேட்டதால், அடுத்த இருபது வருடம் வாட் போட்டியாகவே போனது. ட்ரான்சிஸ்டர் வந்து வாட்டை மலிவாக்கியது. மலிவானதும் பொய்யும் புகுந்தது. விளம்பரத்தில் ஒவ்வொரு கம்பனியும் தனக்கு வசதியான முறையில் வாட்டை அளந்து போட்டது. இதனால் 1974இல் அமெரிக்க அரசாங்கமே தலையிட்டு, வீட்டு அம்ப்ளிபயர்களின் வாட்டை விளம்பரப்படுத்துவோர், தொடர்ச்சியாகத் தரக்கூடிய சக்தியை இன்ன நிபந்தனைகளில்தான் அளந்து சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

நமது பக்கம் அந்த விதி வரவில்லை. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. அதே காலத்தில் நமது ஆட்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினார்கள். விடுமுறைக்கு வரும்போது பெட்டியோடு பெட்டியாக இரட்டைக் கெசட் செட்டும் வந்திறங்கியது. உம்மாவுக்குக் கிராஅத் கெசட், வாப்பாவுக்குச் செய்தி, தம்பிமாருக்குப் பாட்டு என்று ஒரு செட் முழு வீட்டுக்கும் உழைத்தது. அந்தச் செட்டுகளின் நெற்றியில்தான் பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகளையும், பக்கத்தில் நூற்றுக்கணக்கான, பிறகு ஆயிரக்கணக்கான வாட்டையும் முதலில் பார்த்தோம். பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை கிடையாது. கண் சிமிட்டுகிற நேரத்துக்கும் குறைவாக வரக்கூடிய கற்பனை உச்சம் அது. செட்டின் முதுகில் இருக்கிற மின்சார லேபிளைப் பாருங்கள். கரண்டிலிருந்து 60 வாட் எடுக்கிற செட், தொடர்ந்து 2000 வாட் எப்படித் தரும்? ஒரு கொத்து அரிசி போட்ட பானையில் ஒரு மூடைச் சோறு வருமா?

சரி, வாட் உண்மையானதாகவே இருந்தாலும் அதற்கு எவ்வளவு பெறுமதி? காது கணக்குப் போடுகிற விதம் வேறு. 50 வாட்டை 100 ஆக்கினால் சத்தம் இரட்டிக்காது. 3 டெசிபெல் கூடும், "கொஞ்சம் கூடியிருக்கு" என்று சொல்வோம். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால்தான் ஸ்பீக்கரின் உணர்திறன் என்ற எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபெல் வரும் என்பதே அந்த எண். 84 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் வருகிற அதே சத்தம், 94 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பத்தே வாட்டில் வரும். சாதாரண ஹோல் ஒன்றில் நாம் கேட்கிற அளவுக்குப் பெரும்பாலான நேரம் ஒன்றிரண்டு வாட்தான் செலவாகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961இல் அவுஸ்திரேலியரான நெவில் தீல், 1970களின் தொடக்கத்தில் றிச்சர்ட் ஸ்மோல் ஆகியோர் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு, எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லீற்றர் பெட்டி, எவ்வளவு துவாரம் என்பது கணக்குப் போட்டுக் காணும் விடயமாகிவிட்டது. எனவே நல்ல ஸ்பீக்கரைக் கழற்றி, தச்சரிடம் சொல்லி "அழகான" வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். பெட்டியும் அந்த ஸ்பீக்கரில் பாதி.

கடைசி உறுப்பு, நாம் காசு கொடுக்காமலே வாங்கிவிட்ட ஒன்று: அறை. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இளம் பௌதிகவியல் ஆசிரியர் வொலஸ் சபைனிடம், பேச்சே விளங்காத விரிவுரை மண்டபம் ஒன்றைத் திருத்தித் தரும்படி கேட்டார்கள். அங்கே ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி எடுத்தது. அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் வந்து மோதும். சபைன் இரவு இரவாக, பக்கத்துத் தியேட்டரின் கதிரை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி குறைகிறது என்று அளந்தார். அறை ஒலியியல் என்ற துறை அப்படிப் பிறந்தது. இப்போது நமது புது வீடுகளைப் பாருங்கள். கீழே டைல்ஸ், நாலு பக்கமும் சீமெந்துச் சுவர், பெரிய கண்ணாடி யன்னல். இலட்ச ரூபாய் ஸ்பீக்கரும் அங்கே கிணற்றுக்குள் பேசுவது போலத்தான் பேசும். தடித்த திரைச்சீலை, ஒரு கம்பளம், துணி போட்ட சோபா, புத்தக அலுமாரி ஆகியவை செய்கிற வேலையை எந்த அம்ப்ளிபயரும் செய்யாது.

ஆகவே, வாங்கப் போகிறவர்களுக்கு என் வரிசை இது.

முதலில், ஹொப்மனின் மூன்றில் எதை விட்டுக்கொடுப்பது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். செய்தி, பயான், கிராஅத், நாடகம் என்று குரல்தான் அதிகம் என்றால் ஆழமான பாஸை விட்டுவிடலாம். நல்ல சின்ன ஸ்பீக்கர் இரண்டு போதும்.

இரண்டாவது, காசின் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். குரலின் குணத்தைத் தீர்மானிப்பது அதுதான். பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பொஞ்ச் வளையத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கண்ணை நம்பாதீர்கள். 1994இல் புளொயிட் டூல், ஷோன் ஒலிவ் ஆகியோர் ஒரே ஸ்பீக்கர்களைத் திரை போட்டும் போடாமலும் கேட்க வைத்துப் பார்த்தார்கள். கண்ணால் கண்டபோது பெரியதும் விலை கூடியதும் அதிக புள்ளி வாங்கின. திரை விழுந்ததும் அந்த வித்தியாசம் சுருங்கியது. கடையில் உங்களுக்குப் பழக்கமான ஒரு குரலைப் போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டு செட்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். கூடச் சத்தமாக இருப்பது எப்போதும் நல்லது போலவே தோன்றும்.

நான்காவது, அம்ப்ளிபயர். ஆர்.எம்.எஸ். வாட் மட்டும் பாருங்கள். ஓமைப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக ஒரே முனையில் பூட்டினால் அது 4 ஓம். அதைத் தாங்காத அம்ப் சூடேறிச் சாகும். சின்ன அம்பை அதன் எல்லைக்கு மேல் முறுக்கினால், சத்தம் கரகரத்து, ட்வீட்டர் எரியும்.

கடைசியாக ஒன்று. வில்சர் ஸ்பீக்கர் தொழிலை விட்ட பிறகு, செவிப்புலன் குறைந்தவர்களுக்கான கருவிகளை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டார். 1973இல் வெளியிட்ட தனது கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமையும் எடுக்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் பெரியவர்களுக்குச் சொல்கிற எல்லை 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம், பிள்ளைகளுக்கு 75. ஸ்பீக்கர் பழுதானால் மாற்றலாம். உட்காதில் இறந்த நரம்புக்கலம் திரும்ப முளைக்காது. பக்கத்து அறையில் இருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிற அளவு சத்தம் வீட்டுக்குப் போதும்.

உங்கள் வீட்டில் பழைய வால்வு றேடியோவோ, வெளிநாட்டிலிருந்து வந்த முதல் கெசட் செட்டோ இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எத்தனையாம் ஆண்டு வந்தது, யார் கொண்டுவந்தது என்பதையும் எழுதுங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும்.