ஹெட்போன் வாங்கப் போறீங்களா? கேட்டுப் பார்த்து வாங்குவது எப்படி? ‘ஹெட்போன் மீட்’ சொல்லித் தரும் பாடம்... முழு விவரம்!

செருப்பு வாங்கப் போனால் காலில் போட்டு நாலு அடி நடந்து பார்க்கிறோம். சட்டை என்றால் தோளில் வைத்து அளவு பார்க்கிறோம். ஆனால், தினமும் மூணு மணி நேரம் காதில் மாட்டப்போகும் ஹெட்போனை மட்டும் படத்தையும் ஸ்டார் ரேட்டிங்கையும் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

கடலூர் மாவட்டம் கம்மாபுரம் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். பக்கத்தில் விருத்தாசலம், நெய்வேலி, கொஞ்சம் தள்ளிப்போனால் சிதம்பரம், கடலூர் என்று கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால், பெரும்பாலான செல்போன் கடைகளில் பெட்டியைப் பிரித்துப் பாட்டுக் கேட்க விடமாட்டார்கள். நாலைந்து மாடல்களை வரிசையாக வைத்துக் கேட்க வேண்டும் என்றால் 200 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அதனால் ஆன்லைனில் ஆர்டர் போட்டு, வந்த பிறகு ‘சரி, இருக்கட்டும்’ என்று மனதைத் தேற்றிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

இந்தச் சிக்கலுக்கு உலகம் முழுக்க ஆடியோ பிரியர்கள் கண்டுபிடித்த வழிதான் ‘ஹெட்போன் மீட்’. அது என்ன, அங்கே என்ன செய்கிறார்கள், அதை நம்ம ஊரிலேயே செய்ய முடியுமா? வாங்க, பார்க்கலாம்.

ஹெட்போன் மீட் என்றால் என்ன?

ரொம்ப சிம்பிள். ஆர்வம் உள்ளவர்கள் ஒரு அறையில் கூடுவார்கள். அவரவர் வைத்திருக்கும் ஹெட்போன், இயர்போன், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் யாருடையதை வேண்டுமானாலும் எடுத்துக் கேட்கலாம். விற்பனை கிடையாது. ‘இதை வாங்குங்க’ என்று யாரும் நெருக்கவும் மாட்டார்கள்.

இதைப் பெரிய அளவில் வளர்த்தது அமெரிக்காவைச் சேர்ந்த ஜூட் மன்சில்லா 2001-ல் தொடங்கிய ‘ஹெட்-ஃபை’ என்ற ஆர்வலர் குழு. உறுப்பினர்கள் ஊர் ஊராகக் கூடிக் கேட்டதுதான் பின்னாளில் ‘கேன்ஜாம்’ என்ற கண்காட்சியாக வளர்ந்தது. நியூயார்க், லண்டன் என்று நடக்கும் இந்தக் கண்காட்சி 2016-ல் சிங்கப்பூருக்கும் வந்தது. இந்தியாவிலும் சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் ஆர்வலர்கள் இப்படிக் கூடிக் கேட்பது உண்டு.

சொல்லப்போனால், ஸ்டீரியோ ஹெட்போனே இப்படி ஒரு கூட்டத்தில்தான் பிரபலமானது. 1958-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடந்த ஆடியோ கண்காட்சிக்கு ஜான் காஸ் என்பவர் கையில் தூக்கிச் செல்லும் ரெக்கார்டு பிளேயர் ஒன்றைக் கொண்டுபோனார். கூடவே, தனியாகக் கேட்பதற்காக ஒரு ஹெட்போனையும் இணைத்திருந்தார். மாட்டிக் கேட்டவர்கள் பிளேயரை விட்டுவிட்டு ஹெட்போனைப் பற்றித்தான் விசாரித்தார்கள். ‘காஸ்’ என்ற பிராண்டு பிறந்த கதை இதுதான்.

விலை அதிகம் என்றால் சத்தம் நல்லா இருக்குமா?

மீட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் அதிர்ச்சி இதுதான்: விலைக்கும் ஒலிக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது.

இதற்கு ஆய்வும் இருக்கிறது. ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து, 2017-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டார். தாழ்ந்த ஒலி முதல் கீச்சென்ற ஒலி வரை எதை எந்த அளவுக்கு ஒரு ஹெட்போன் தருகிறது என்பதை ‘ஃபிரீக்வன்சி ரெஸ்பான்ஸ்’ என்பார்கள். அதற்கும் கடை விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அவர் கண்டது.

அப்படியென்றால் விலை எதற்கு? உறுதி, மாட்டினால் வலிக்காத மெத்தை, நல்ல மைக், நாய்ஸ் கேன்சலேஷன், வாரண்டி, பிராண்டின் பெயர்... இவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான் விலை. இதில் உங்களுக்கு எது தேவை என்று முடிவு செய்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

காது நம்மை ஏமாற்றுமா?

ஏமாற்றும். மீட்டில் பழகியவர்கள் முதலில் கற்றுக்கொள்வதும் இதைத்தான்.

இரண்டு ஹெட்போன்களை அடுத்தடுத்துக் கேட்டால், எதில் சத்தம் கொஞ்சம் கூடுதலோ அதுதான் ‘சூப்பர்’ என்று மனது சொல்லிவிடும். காரணம், சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பேஸும் மெல்லிய கீச்சொலியும் சரியாகக் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் எழுந்து வரும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

அதாவது, ‘இந்த ஹெட்போன்ல பேஸ் செமயா இருக்கு’ என்று நாம் சொல்லும்போது, பல நேரம் நாம் பாராட்டுவது ஹெட்போனை அல்ல. கூட்டி வைத்த வால்யூமை.

ஒரே போனில், ஒரே வால்யூம் அளவில் வைத்தாலும் எல்லா ஹெட்போனும் ஒரே சத்தம் தராது. உதாரணமாக, 1997-ல் வந்து இன்றும் பேசப்படும் சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனின் மின்தடை 300 ஓம். சாதாரண போனில் நேரடியாகச் செருகினால் சத்தம் குறைவாகவே வரும். பக்கத்தில் இருக்கும் சாதாரண இயர்போன் அதே வால்யூமில் காதைக் கிழிக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் தீர்ப்பு தப்பாகத்தான் போகும்.

நம்ம ஊர்லயே மீட் நடத்த முடியுமா?

தாராளமாக. நாலைந்து நண்பர்கள், அவரவர் ஹெட்போன், ஃபேன் சத்தம் அதிகம் இல்லாத ஒரு அறை. இது போதும். செய்ய வேண்டியவை:

1. பாட்டை முதலில் முடிவு செய்யுங்கள். நூறு தடவை கேட்ட, உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டு போதும். ஒன்றில் குரல் முன்னால் இருக்கட்டும். இன்னொன்றில் தவில், மிருதங்கம் போல அடி விழும் வாத்தியம் இருக்கட்டும். மூன்றாவதில் நிறைய வாத்தியங்கள் ஒன்றாக ஒலிக்கட்டும். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘திருவாசகம்’ (2005) ஆல்பங்கள் இந்த மூன்றாவது வகைக்குப் பொருந்தும்.

2. சத்தத்தைச் சமமாக்குங்கள். போனில் டெசிபல் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, அதன் மைக்கை ஹெட்போன் மெத்தையின் நடுவில், ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி வைத்துப் பாருங்கள். ஆப் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால், எது கூடுதல், எது குறைவு என்று ஒப்பிட உதவும். காதுக்குள் செருகும் இயர்போனை இப்படி அளப்பது கஷ்டம். அதற்குப் பாட்டில் குரல் வரும் இடத்தை வைத்து, ஒரே அளவாகக் கேட்கும் வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள்.

3. விலையைச் சொல்லாதீர்கள். எது எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் காது கேட்பதற்கு முன்பே மனது முடிவு செய்துவிடும். எல்லோரும் தனித்தனியே தாளில் மார்க் எழுதிய பிறகு விலையைச் சொல்லுங்கள்.

4. ரப்பர் முனையைச் சரிபாருங்கள். இயர்போனில் பேஸ் வரவில்லை என்றால் உடனே பொருளைக் குறை சொல்ல வேண்டாம். காதுத் துளைக்குச் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி இருந்தாலும் பேஸ் கசிந்துவிடும். பெட்டியில் வரும் சின்ன, நடுத்தர, பெரிய முனைகளை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

5. அரை மணி நேரம் மாட்டிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் பளிச்சென்று இருக்கும் ஒலி அரை மணி நேரத்தில் தலைவலி தரலாம். கண்ணாடி போடுபவர்களுக்கு மெத்தை அழுத்துகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

6. சுத்தம் முக்கியம். ஒவ்வொருவரும் தங்கள் சொந்த ரப்பர் முனையைப் பயன்படுத்துங்கள். ஒருவர் கழற்றியதும் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள். காதில் சீழ், வலி இருப்பவர்கள் அன்றைக்கு வேடிக்கை மட்டும் பார்ப்பது நல்லது.

கடலூர், சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. ஒரு ஹெட்போன் நல்லதா என்று சொல்ல, அசல் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டிலும் கோயில் புறப்பாட்டிலும் நாதஸ்வரத்தையும் தவிலையும் மைக் இல்லாமல் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தவிலின் இரண்டு பக்கமும் வேறு வேறு ஒலி என்பது நம் காதுக்குத் தெரியும். ஹெட்போனில் இரண்டும் ஒன்றாகக் குழைந்து ‘தொம் தொம்’ என்று மட்டும் கேட்டால், அந்த பேஸ் அசல் அல்ல, ஊதிப் பெருக்கியது என்று சொல்லிவிடலாம்.

புளூடூத்தா, வயரா?

போனிலிருந்து புளூடூத் வழியே போகும் பாட்டு சுருக்கப்பட்டுத்தான் போகும். சிடியில் ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. புளூடூத்தின் அடிப்படை முறையான ‘எஸ்பிசி’ சுமார் 328 கிலோபிட் வரை அனுப்பும். சோனியின் ‘எல்டாக்’ முறை அதிகபட்சம் 990 கிலோபிட் வரை போகும். ஆனால், போனும் ஹெட்போனும் இரண்டுமே அதை ஆதரித்தால்தான் பலன். பஸ்ஸில் கேட்க இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அமைதியான அறையில் கேட்பவர், அதே விலைக்கு வயர் உள்ளதையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

வயர்லெஸ் ஹெட்போனும் இயர்போனும் இந்தியாவில் பிஐஎஸ் கட்டாயப் பதிவுப் பட்டியலில் உள்ளவை. பெட்டியில் இருக்கும் ‘ஆர்’ எனத் தொடங்கும் பதிவு எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் போட்டுச் சரிபார்க்கலாம். போலிப் பொருள், வாரண்டி மறுப்பு போன்ற புகார்களுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எவ்வளவு சத்தம் வரை ஆபத்தில்லை?

சத்தம் கூடினால் ‘நல்லா இருக்கு’ என்று தோன்றும் அதே ஏமாற்று, காதையும் சேர்த்தே கெடுக்கிறது. பணம் போனால் சம்பாதிக்கலாம். உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைக்காது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட தரநிலைப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பது பாதுகாப்பான அளவு. குழந்தைகளுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இந்த நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் சுமார் 20 நிமிடம். தினமும் அல்ல, ஒரு வாரத்துக்கே அவ்வளவுதான்! 12 முதல் 35 வயது வரையிலானவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்கும் பழக்கத்தாலேயே செவித்திறன் பாதிக்கும் அபாயம் இருப்பதாக அந்த நிறுவனம் எச்சரிக்கிறது.

போன் வால்யூமை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பது எளிய வழி. பஸ் இரைச்சலில் பாட்டுக் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவதுதான் பலர் செய்வது. அங்கே தேவை கூடுதல் சத்தம் இல்லை. வெளிச்சத்தத்தை அடைக்கிற இயர்போன். சரியாகப் பொருந்தும் ரப்பர் முனையோ, நாய்ஸ் கேன்சலேஷனோ இருந்தால் குறைந்த வால்யூமே போதும். அதனால் மீட்டில் கேட்கும்போது ‘எதில் சத்தம் தூக்கலா இருக்கு’ என்று பார்க்காமல், ‘எதில் குறைந்த சத்தத்திலேயே வரிகள் தெளிவாகப் புரியுது’ என்று பாருங்கள். காதுக்கும் பர்ஸுக்கும் ஏற்ற தேர்வு அதுதான்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் நிற்கவில்லை, எதிரில் பேசுபவரைத் திரும்பத் திரும்ப ‘என்ன?’ என்று கேட்கிறீர்கள், வீட்டில் டிவி சத்தத்தை நீங்கள் மட்டும் கூட்டி வைக்கிறீர்கள் என்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஆடியோமெட்ரி என்ற வலியில்லாத பரிசோதனையில் கேட்கும் திறன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடலூர் மாவட்டத்தினருக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமாகிவிட்டால், ‘அழுக்கு அடைச்சிருக்கும், நாளைக்குப் பார்க்கலாம்’ என்று எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டாம். உள்காது நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம். அதற்கு நாள் தாண்டத் தாண்டச் சிகிச்சையின் பலன் குறையும். அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.