பையன் கேட்ட பொம்மை

பெரும்பாக்கத்துக்கும் ஜெர்மனியிலுள்ள ஷோபாவ் என்ற சிற்றூருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்றால் நேயர்கள் சிரிப்பார்கள். ஆனால் உண்டு. ஏரியும் வயலுமாக இருந்து அடுக்கு மாடிகளாக வளர்ந்துவிட்ட நமது ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் சில வீட்டுத் தாழ்வாரங்களில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிள் என்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டிருப்பார்கள். ஒரு வீட்டில் அது எஸ்டி, இன்னொரு வீட்டில் ராஜ்தூத், வேறொன்றில் ஆர். எக்ஸ். 100. “சாயங்காலத்துக்குள் தாழ்வாரம் காலியாகுமா?” என்று வீட்டு அம்மாள் கேட்பாள். ஆகாது. அது வேறு விஷயம்.

இந்த மூன்றும் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்கள். நாலு ஸ்ட்ரோக் என்ஜினைத் தாழ்வாரத்தில் பிரிக்க அவ்வளவு எளிதில் யாரும் துணிவதில்லை. வால்வுகள், அவற்றைத் திறக்க ஒரு ஏற்பாடு, அந்த ஏற்பாட்டைச் சரியான கணத்தில் ஓட்ட இன்னொரு ஏற்பாடு என்று அது பெரிய குடும்பம். இரண்டு ஸ்ட்ரோக்கில் வால்வும் கிடையாது, அதன் பரிவாரமும் கிடையாது. சிலிண்டரின் சுவரிலே சில துவாரங்கள். மேலும் கீழும் போய் வருகிற பிஸ்டனே கதவாக இருந்து அவற்றைத் திறந்து மூடுகிறது. கீழே கிராங்க் சுழலும் அறையே பம்பாகவும் வேலை செய்து, பெட்ரோல் ஆவியை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. அந்த அறையில் எண்ணெயைத் தேக்கி வைக்க இடமில்லாததால்தான் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றினார்கள். புகை வந்ததும் அதனால்தான்.

ஆகவே நாலு நட்டைக் கழற்றினால் தலை கையோடு வந்துவிடும். சிலிண்டரை உருவினால் பிஸ்டன் தெரியும். சைலன்சர் துவாரத்தில் அடைத்திருக்கும் கரியைச் சுரண்டலாம். ரிங்கைக் கழற்றிப் புதிது போடலாம். போடும்போது ரிங்கின் இரு முனைகளும் பிஸ்டன் பள்ளத்திலுள்ள சின்ன முளையில் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவை துவாரத்தில் மாட்டி முறியும். இதைவிடப் பொல்லாதது கிராங்க் அறையின் ஆயில் சீல். அது கிழிந்து வெளிக்காற்றை உறிஞ்சினால் கலவையில் பெட்ரோலும் எண்ணெயும் குறைந்து, என்ஜின் கொதித்து, பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டுவிடும். மெக்கானிக்குகள் இதை ‘சீஸ்’ என்பார்கள். நடுச் சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் அந்த அனுபவத்தை ஒரு தடவை பட்டவர்கள் கிளச்சில் விரல் வைக்காமல் வண்டி ஓட்டமாட்டார்கள்.

வீட்டில் ஆகாத வேலைகள் இரண்டு உண்டு. கிராங்கைப் பிரித்துச் சேர்க்கப் பிரஸ் வேண்டும். சிலிண்டரைக் குடைய லேத் பட்டறை வேண்டும். சிலிண்டர் தேயத் தேய, அதைக் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று அகலமாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுகிறார்கள். நாலு தடவைக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. ரிடயரான வாத்தியார் ஒருவர் எனக்குத் தெரியும். தகப்பனார் 1974-இல் வாங்கிய எஸ்டியை வைத்துக்கொண்டிருக்கிறார். புதுப்பேட்டையில் அலைந்து சாமான் சேர்த்து, என்ஜினைத் தாமே பிரித்து, சிலிண்டரை மட்டும் பட்டறைக்கு எடுத்துப் போனார். பட்டறைக்காரர் அளந்து பார்த்து, “சார், இதுக்கு மேலே போர் போட்டா செவுரு நிக்காது. ஸ்லீவ் இறக்கிடலாம்” என்றார். “உள்ளே இருக்கிறது எங்கப்பா ஓட்டின இரும்பாச்சேப்பா!” என்றாராம் வாத்தியார். மூன்று வாரம் யோசித்து, கடைசியில் ஸ்லீவ்தான் போட்டார். இருந்தாலும், சிலிண்டரைக் குடைந்த இரும்புத் தூளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வாங்கி வந்துவிட்டார்.

இத்தனை சுலபமாகப் பிரிக்கக்கூடிய யந்திரத்துக்கு ஒரு சாபமும் உண்டு. பிரிப்பது சுலபம் என்றால் பார்த்துக் காப்பியடிப்பதும் சுலபம்தானே? இதன் சரித்திரம் முழுவதும் அந்தக் காப்பியின் கதைதான்.

ஆர். எக்ஸ். 100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் கூட்டுறவால் இங்கே வந்து, 1996-இல் நின்றுபோன வண்டி. அதன் மூலவரான யமஹா, ஆர்மோனியமும் பியானோவும் செய்து வந்த கம்பெனி. அதன் சின்னத்தில் மூன்று இசைக்கவைகள் இருப்பது அதனால்தான். அவர்கள் 1955-இல் செய்த முதல் மோட்டார் சைக்கிள், ஜெர்மனியின் டி. கே. டபிள்யூ. ஆர். டி. 125-ஐப் பார்த்துச் செய்தது. ‘பாபி’ படத்துக்குப் பிறகு பையன்களைப் பைத்தியமாக அடித்த குட்டி வண்டியையும் செய்த ராஜ்தூத் எங்கிருந்து வந்தது? போலந்தின் எஸ். எச். எல். வண்டியிலிருந்து. போலந்துக்காரர்கள் யுத்தத்துக்குப் பின் முதலில் செய்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளும் அதே ஆர். டி. 125-இன் சாயல்தான்.

எஸ்டியின் கதை இன்னும் வேடிக்கை. மைசூரில் 1961-இல் திறக்கப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலை, செக்கோஸ்லோவாகியாவின் ஜாவாவைச் செய்தது. பிறகு எஸ்டி என்று பெயர் மாற்றி, 1996 வரையில் நடந்தது. யுத்தத்தின்போது பிராகா நகரம் ஜெர்மானியர் வசம் இருந்தது. ஜாவாவின் என்ஜினீயர்கள் புது வண்டி ஒன்றை ரகசியமாக உருவாக்கி, பரீட்சை ஓட்டத்துக்குத் தெருவுக்குக் கொண்டுவரும்போது அதன்மேல் டி. கே. டபிள்யூ. பெயரை ஒட்டிவிட்டார்களாம். எஜமானனின் வேஷத்திலேயே எஜமானன் கண்ணெதிரில் ஓட்டியிருக்கிறார்கள்! அந்த வண்டி 1946-இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிச்சத்துக்கு வந்தது.

இப்படி எல்லா வழியும் போய்ச் சேரும் இடம்தான் ஷோபாவ். அங்கே ரஸ்முஸ்ஸன் என்ற டென்மார்க்குக்காரர் முதலில் நீராவிக் கார் செய்யப் பார்த்தார். டி. கே. டபிள்யூ. என்பது அந்த நீராவிக் காரின் ஜெர்மன் பெயரின் முதலெழுத்துக்கள். கார் தேறவில்லை. 1919-இல் ஒரு குட்டி இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினைப் பொம்மையாக விற்றார்கள். அதே எழுத்துக்களுக்கு ‘பையனின் ஆசை’ என்று புது விரிவு சொன்னார்கள். பொம்மை மோட்டார் சைக்கிளாகி, பத்தே வருஷத்தில் டி. கே. டபிள்யூ. உலகத்திலேயே பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனி ஆகிவிட்டது. 1930-களில் ஷ்நூர்லே என்பவரின் உபாயத்தையும் எடுத்துக்கொண்டார்கள். புதுக் கலவை நேரே சைலன்சர் பக்கம் ஓடிவிடாமல், எதிர்ச் சுவரில் ஏறித் திரும்பும்படி துவாரங்களைச் சாய்த்து வைப்பதே அது.

ஹாலந்தில், ராட்டர்டாமில், ஸ்டாக்விஸ் என்ற யூதக் கம்பெனி டி. கே. டபிள்யூ. வண்டிகளை விற்று வந்தது. யூதர்கள் என்பதற்காக நாஜிகளின் ஆட்சியில் அந்த ஏஜென்சி பறிக்கப்பட்டது. ஸ்டாக்விஸ் சும்மா இருக்கவில்லை. அந்தச் சின்ன வண்டியை இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டிடம் கொடுத்து, “இதேபோல் செய்து கொடுங்கள்” என்றார்கள். 1939-இல் ‘ராயல் பேபி’ ராட்டர்டாமில் காட்சிக்கு வந்தது. அடுத்த வருஷம், மே 14-ஆம் தேதி, ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின் நடுவை எரித்தன. குழந்தை மட்டும் பிழைத்துக்கொண்டது. 60 கிலோகூட இல்லாத அந்த வண்டியை இரும்புக் கூண்டில் வைத்துப் பாராசூட்டில் இறக்கினார்கள் பிரிட்டிஷ் படையினர். ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று பெயரும் வந்தது. ஜெர்மன் மூளையில் பிறந்தது, ஜெர்மனியை எதிர்க்கவே வானத்திலிருந்து இறங்கிற்று. அந்த ராயல் என்ஃபீல்டுதான் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து நமது திருவொற்றியூருக்கு வந்தது, ஆனால் நாலு ஸ்ட்ரோக் புல்லட்டோடு. தெள்ளுப்பூச்சியின் பெயரை 2024-இல் ஒரு மின்சார வண்டிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆர். டி. 125-ஐ வரைந்தவர் ஹெர்மன் வெபர். யுத்தம் முடிந்தபோது ஷோபாவ் சோவியத் படையின் வசமாயிற்று. நஷ்ட ஈடு என்று தொழிற்சாலையின் யந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், வெபரையும் கொண்டுபோனார்கள். மாஸ்கோவில் அவருடைய வண்டி வேறு பெயரில் தயாராயிற்று. ஜெர்மனியின் உரிமைகளெல்லாம் பறிமுதலாகிவிட்டதால் இங்கிலாந்தில் பி. எஸ். ஏ., அமெரிக்காவில் ஹார்லி டேவிட்ஸன், எல்லாரும் அதைக் காப்பியடித்தார்கள். பி. எஸ். ஏ.யின் ‘பான்டம்’ 1948-இல் வெளிவந்தது. வெபர் அதே வருஷம் சோவியத் நாட்டில், ஊர் திரும்பாமலே காலமானார்.