அடிமைகள் வளர்த்த போர்க்கூத்து
போர்த்துக்கீசியரால் ஆப்பிரிக்காவினின்றும் பிரேசில் நாட்டிற்கு விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமை மக்கள், தம் மானத்தைக் காக்க வளர்த்த கலையே கபோயிரா. காண்போர்க்கு அது கூத்து. எதிர்ப்போர்க்கு அது போர்.

சூழ நிற்போர் வட்டமாய்க் கைதட்டிப் பாடுவர். சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றைக் கம்பி வில்லாகிய பெரிம்பாவ் ஒலிக்கும். ஆடுவோர் இருவரும் அதன் முன் குந்தியமர்ந்து, தெய்வத்தையும் முன்னோரையும் நினைந்து பாடும் பாட்டைக் கேட்ட பின்னரே களம் புகுவர்.

1888-இல் அடிமைமுறை ஒழிந்தது. ஆயினும் 1890-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இக்கலையைக் குற்றமாக்கிற்று. ஒரு கையால் கழற்றிய விலங்கை மறு கையால் பூட்டியது போலாயிற்று! 1932-இல் சால்வடார் நகரில் பிம்பா என்னும் ஆசான் பயிற்சிக்கூடம் நிறுவி, 1937-இல் அரசின் அனுமதியும் பெற்றார். 2014-இல் யுனெஸ்கோ கபோயிரா வட்டத்தை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது.

மக்கள் உயிராய்ப் பேணும் கலையைச் சட்டம் கொல்ல வல்லதோ?