முன்னோக்கிச் செலுத்துதல்: சிறுபடகுப் பயணத்தில் வேட்டையர் மரபும் இன்பப் பயண மரபும் (1865 – 1912)

ஆய்வுச்சுருக்கம்

செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து தண்டு வலிப்பதே மேலைநாட்டுப் படகோட்டத்தின் பொதுவழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆறுகளில் ஜான் மெக்கிரெகரும், அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் நத்தானியேல் காலோவேயும் இவ்வழக்கத்திலிருந்து விலகினர். முன்னோக்கிச் செல்வதன் இன்பம் என்று பின்னர் போற்றப்பட்டது, இவ்விரு இடங்களிலும் தனித்துச் சென்ற வேட்டையரின் தேவையிலிருந்து பிறந்த தொழில்முறையே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தண்டு, துடுப்பு, கயாக், ராப் ராய், கொலராடோ ஆறு, காலோவே முறை

தண்டும் துடுப்பும்

தமிழில் தண்டு, துடுப்பு ஆகிய இரு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குவதுண்டு. இக்கட்டுரையில், படகின் விளிம்பிலுள்ள தாங்கியில் பொருத்தி வலிக்கப்படுவது தண்டு எனவும், எதிலும் பொருத்தாமல் கைகளில் மட்டும் ஏந்தி நீரைத் தள்ளுவது துடுப்பு எனவும் வேறுபடுத்தப்படுகின்றன. இவ்வேறுபாடு பெயரளவினது அன்று. செலுத்துபவரின் முகம் எத்திசையை நோக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுவே.

தண்டு ஒரு நெம்புகோல். கால்களை ஊன்றி, முதுகைப் பின்னோக்கிச் சாய்த்து இழுக்கும்போது உடலின் பெருந்தசைகள் அனைத்தும் அதில் ஈடுபடுகின்றன. அதே தண்டை முன்னோக்கி அமர்ந்து தள்ளினால் அவ்வளவு ஆற்றல் கிட்டாது. எனவே வேகத்தை நாடியோர் பார்வையை விட்டுக்கொடுத்தனர். 1829-இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு – கேம்பிரிட்ஜ் படகுப்போட்டியில் எண்மர் முதுகு காட்டி வலிக்க, முன்னே பார்த்து வழிநடத்த ஒன்பதாமவர் ஒருவர் தேவைப்பட்டார். வெனிஸ் நகரத்தார் இதற்கு வேறொரு தீர்வு கண்டிருந்தனர். குறுகிய கால்வாய்களில் கொண்டோலாவைச் செலுத்துபவர் நின்றபடியே முன்னோக்கித் தண்டைத் தள்ளுகிறார். உடலின் எடை முழுதும் தண்டின்மேல் சாய்வதால் தள்ளுதலின் வலுக்குறைவு ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது. ஆயினும் நின்று செலுத்தும் முறை அலைமோதும் சிற்றோடங்களுக்குப் பொருந்தாது.

ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்களிடம் இவ்விரு முறைகளும் அருகருகே இருந்தன. கிரீன்லாந்தில் குடும்பத்தையும் உடைமைகளையும் ஏற்றிச்சென்ற உமியாக் என்னும் பெரிய தோல்படகைப் பெண்கள் தண்டு வலித்துச் செலுத்தினர். கடல்நாய் வேட்டைக்குரிய கயாக்கிலோ ஒருவரே முன்னோக்கி அமர்ந்து, இருமுனைத் துடுப்பால் செலுத்தினார். வழிகாட்ட வேறொருவர் இல்லாதவருக்கு, இரையைத் தொடர்பவருக்கு, முன்பார்வையை விட்டுக்கொடுக்கும் வசதி இல்லை.

ராப் ராய் படகு

இன்பத்திற்கான சிறுபடகுப் பயணத்தின் வரலாறு பெரும்பாலும் ஜான் மெக்கிரெகரிலிருந்தே தொடங்கப்படுகிறது. 1825 சனவரியில் பிறந்த இவர், ஒரு மாதக் குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் கென்ட் என்னும் கப்பலில் சென்று, பிஸ்கே விரிகுடாவில் அது தீப்பற்றியபோது உயிர்தப்பியவர். வங்காளத்திற்குப் படையினரை ஏற்றிச்சென்ற கப்பல் அது. பின்னாளில் இலண்டனில் வழக்குரைஞரான அவர், வட அமெரிக்கப் பயணத்தில் அந்நாட்டுத் தோணிகளை நேரில் கண்டிருந்தார்.

1865 கோடையில் தேம்சு ஆற்றில் புறப்பட்ட அவருடைய ராப் ராய் படகு 15 அடி நீளமும் 28 அங்குல அகலமும் கொண்டது. எடை 80 பவுண்டு. அடிப்பகுதி ஓக் மரத்தாலும் மேல்தளம் தேவதாரு வகை மரத்தாலும் ஆனவை. 7 அடி நீளமுள்ள இருமுனைத் துடுப்பும், மூங்கில் பாய்மரமும் உடன் இருந்தன. மியூசு, ரைன், டான்யூப், ரூஸ், மார்ன், செய்ன் முதலான ஆறுகளில் அப்படகு சென்றது. ஆறில்லாத இடங்களில் தொடர்வண்டியிலும் மாட்டுவண்டி, குதிரைவண்டிகளிலும் ஏறியது. 1866-இல் அவர் வெளியிட்ட பயணநூலின் வெற்றி அதே ஆண்டில் ஒரு சங்கம் தோன்ற வழிவகுத்தது. பின்னர் அரச கனூ சங்கம் எனப் பெயர்பெற்றது அதுவே.

நூலின் தொடக்கத்திலேயே மெக்கிரெகர் தம் படகின் சிறப்புகளைப் பட்டியலிடுகிறார். கனூவில் செல்பவர் முன்னே பார்க்கிறார், பின்னே அன்று. தம் வழி முழுவதையும் அதனுடன் இயற்கைக் காட்சியையும் காண்கிறார் என்பது அவற்றுள் ஒன்று. இவ்வாதத்தில் இரண்டு கூறுகள் கலந்துள்ளன என்பது கவனத்திற்குரியது. காட்சி இன்பம் ஒன்று. நீரைப் படித்து வழியைத் தேர்ந்தெடுப்பது மற்றொன்று. முதுகு காட்டி வலிப்பவருக்கும் காட்சி கிட்டும், ஆனால் அது கடந்துபோன காட்சி. வளைவு திறப்பதும், நீரின் நிறம் மாறி மணல்திட்டைக் காட்டிக்கொடுப்பதும், பறவை எழுவதும் முன்னோக்குபவருக்கே உரியவை. ரூஸ் ஆற்றில் பிரெம்கார்ட்டன் அருகே விரைவோட்டத்தில் சிக்கிய நிகழ்ச்சியை மெக்கிரெகர் விரித்துரைக்கும் பகுதி, அவர் உண்மையில் எதை இன்பமாகக் கருதினார் என்பதைத் தெளிவாக்கும். அங்கே மலையழகு பேசப்படவில்லை. எதிரே எழும் நீர்மேடும் அதை எதிர்கொள்ளும் கணமுமே பேசப்படுகின்றன. வேட்டையர் கண்ணுக்குரிய வேலை அது. இரை இல்லாத நிலையில் அதுவே இன்பமாகிறது.

கண்டால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 1876-இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தம் நண்பருடன் பெல்ஜியம், பிரான்சு நாட்டு நீர்வழிகளில் இரு படகுகளில் சென்றார். வெள்ளம் பெருகிய உவாஸ் ஆற்றில், குறுக்கே விழுந்துகிடந்த மரத்தை அவர் முன்கூட்டியே கண்டார். ஆயினும் மரத்தில் சிக்கி அவர் நிற்க, படகு அவரில்லாமல் நீரோடு போயிற்று. துடுப்பு பார்வையைத் தருகிறது; ஓட்டத்தை எதிர்த்து நிறுத்தும் வலுவைத் தருவதில்லை. 1870களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் லைமன், தண்டின் நடுவே மூட்டுப்பொறி அமைத்து, முன்னோக்கி அமர்ந்தவர் இழுத்தாலும் படகு முன்செல்லும்படிச் செய்தார். நல்ல கருவியே; எனினும் அது மரத்தண்டின் இடத்தைப் பிடிக்கவில்லை. இன்று அவர் பெயர் துப்பாக்கிக் குறிநோக்கியாலேயே மிகுதியும் அறியப்படுகிறது.

கொலராடோவில் திரும்பிய படகு

1869 மே 24 அன்று ஜான் வெஸ்லி பவல் பத்துப் பேர் கொண்ட குழுவுடன் வயோமிங் பகுதியின் கிரீன் ரிவர் என்னுமிடத்தில் புறப்பட்டார். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர் அவர். நான்கு படகுகளுள் மூன்று 21 அடி நீளமுள்ள ஓக் மரப்படகுகள். அமைதியான நீரில் விரைந்து செல்லுமாறு கட்டப்பட்டவை. தண்டு வலித்தோர் வழக்கம்போல் முதுகை விரைவோட்டத்திற்குக் காட்டி அமர்ந்தனர். முதற்படகிலிருந்து பவல் தந்த சைகையே பிற படகுகளுக்குக் கண். ஜூன் மாதத்தில் லடோர் பள்ளத்தாக்கில் 'நோ நேம்' என்னும் படகு பாறையில் மோதிச் சிதைந்தது. அதிலிருந்த மூவரும் உயிர்தப்பினர். உணவும் கருவிகளும் பெருமளவு போயின. சைகை கவனிக்கப்படவில்லை என்பது பவல் தரும் விளக்கம். 1875-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, 1869-ஆம் ஆண்டுப் பயணத்தையும் பிற்பட்ட பயணத்தின் நிகழ்ச்சிகளையும் ஒன்றாகக் கலந்து கூறுவது என்பதால் அதனை எச்சரிக்கையுடனேயே கொள்ளவேண்டும். யார் பிழை என்பதைவிட, வலிப்போர் எவரும் முன்னே பார்க்கவியலாத அமைப்பே இங்குக் கருதத்தக்கது. 1889-இல் இருப்புப்பாதை அளவைக்குச் சென்ற குழுவில் அதன் தலைவர் ஃபிராங்க் பிரவுன் உட்பட மூவர் இதே ஆற்றில் மூழ்கி இறந்தனர்.

யூட்டாவின் வெர்னல் பகுதியைச் சேர்ந்த நத்தானியேல் காலோவே பொறிவைத்து நீர்நாய், பீவர் முதலியவற்றைப் பிடித்து வாழ்ந்தவர். சைகை காட்ட ஆளில்லை. வலிப்பவரும் பார்ப்பவரும் திருப்புபவரும் அவரே. அவர் மாற்றியது தண்டையன்று, தாம் அமரும் நிலையையும் அன்று. படகையே திருப்பினார். பின்முனை நீரோட்டத்தின் திசையில் முன்செல்ல, வழக்கமான இருக்கையிலேயே அமர்ந்தவர் விரைவோட்டத்தை நேர்கொண்டு பார்த்தார். உடலின் முழு வலுவையும் தரும் இழுத்தல், இப்போது ஆற்றை எதிர்ப்பதற்குப் பயன்பட்டது. படகு நீரைவிட மெதுவாகச் சென்றது. சற்றே சாய்த்து இழுத்தால் பாறையை விட்டுப் பக்கவாட்டில் விலகியது. இதற்கேற்ப அவர் கட்டிய படகு எடை குறைந்தது, தட்டையான அடியுடையது, இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்தது. ஸ்டீவன்சனுக்கு உவாஸ் ஆற்றில் இல்லாதிருந்தது இந்த நிறுத்தும் வலுவே. 1896–97-இல் வில்லியம் ரிச்மண்ட் என்பவருடன் கிராண்ட் கேன்யனைக் கடந்து கலிபோர்னியாவின் நீடில்ஸ் வரை காலோவே சென்றார்.

ஒகாயோ மாநிலத் தொழிலதிபர் ஜூலியஸ் ஸ்டோன், கிளென் பள்ளத்தாக்கில் பொன் எடுக்கும் முயற்சி தோல்வியுற்ற காலத்தில் காலோவேயை அறிந்தார். 1909-இல் இருவரும் மேற்கொண்ட பயணத்திற்கு நில அளவையோ கனிமமோ நோக்கமன்று. ஆற்றைக் காண்பதும் ஒளிப்படம் எடுப்பதுமே நோக்கம். செலவு ஸ்டோனுடையது, படகும் முறையும் காலோவேயுடையன. மெக்கிரெகர் கயாக் மரபிலிருந்து பெற்றதைப் போன்றே இங்கும் வேட்டையரிடமிருந்து இன்பப் பயணிக்கு ஒரு கைமாற்றம் நிகழ்ந்தது. வேறுபாடு ஒன்றுண்டு: இம்முறை கற்பித்தவரும் உடன் படகில் இருந்தார், அவருடைய பெயரும் முறைக்கு நிலைத்தது. கயாக்கைக் கட்டியவர்களுள் ஒருவர் பெயரும் ராப் ராய் வரலாற்றில் இடம்பெறவில்லை.

எல்ஸ்வொர்த், எமெரி கோல்ப் சகோதரர்கள் 1911-இல் காலோவே வகைப் படகுகள் இரண்டில் கிரீன் ரிவரிலிருந்து புறப்பட்டு, 1912 சனவரியில் நீடில்சை அடைந்தனர். வழியில் எடுத்த திரைப்படத்தைக் கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பிலிருந்த தம் கூடத்தில் பார்வையாளர்களுக்குக் காட்டினர்; 1976-இல் எமெரி இறக்கும்வரை அது அங்குத் திரையிடப்பட்டது. தம் மகளின் பெயரால் எமெரி 'ஈடித்' என்றழைத்த படகும், 1909-இல் ஸ்டோன் சென்ற படகும் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் சேகரிப்பில் இன்றும் உள்ளன.