தானியங்கிக் காப்பி வடிப்பான்

தானியங்கிக் காப்பி வடிப்பான் என்பது நீரைச் சூடாக்கி, காப்பித்தூளின் மீது சொட்டச் செய்து, வடிந்த காப்பியைக் குடுவையில் சேர்க்கும் வீட்டு மின்கருவி ஆகும்.

வரலாறு

செருமனியைச் சேர்ந்த மெலிட்டா பென்ட்சு 1908 இல் காகித வடிகட்டிக்குக் காப்புரிமை பெற்றார். விகோமாட் என்னும் மின்வடிப்பானுக்கு 1954 இல் அதே நாட்டில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1972 இல் அறிமுகமான மிஸ்டர் காப்பி, இக்கருவியை அந்நாட்டு வீடுகளில் பரவச் செய்தது.

செயற்படும் முறை

எளிய வடிப்பான்களில் நீரை ஏற்றும் பம்பு இல்லை. தொட்டியிலுள்ள நீர் ஒருவழி வால்வைக் கடந்து, மின்னாற் சூடாகும் குழாயை அடைகிறது. அங்கு எழும் நீராவிக் குமிழிகள் வெந்நீரை மேலே தள்ளுகின்றன. பல வகைகளில் இதே வெப்பமூட்டி, குடுவை வைக்கும் தட்டையும் சூடாக்குகிறது.

தேர்வு

கடிகாரம், திரை போன்ற வசதிகளை விட நீரின் வெப்பநிலையே சுவைக்கு இன்றியமையாதது. அது ஏறத்தாழ 90 முதல் 96 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. வெப்பம் குறைந்தால் தூளின் சாரம் முழுமையாக இறங்காது. காப்பி புளிப்பாகவும் நீர்த்தும் இருக்கும். சூட்டுத்தட்டில் நெடுநேரம் இருக்கும் காப்பி கசக்கும். எனவே தாமதமாக அருந்துவோருக்கு வெப்பங்காக்கும் குடுவை உடைய வகை ஏற்றது.

கடின நீர் புழங்கும் இடங்களில் குழாயில் உப்பு படிந்து கருவியின் வேகம் குறையும். சிட்ரிக் அமிலக் கரைசலை அவ்வப்போது செலுத்தி அதனை நீக்கலாம்.

இக்கருவி தருவது நேரடியாக அருந்தத்தக்க இளங்காப்பியாகும். பாலில் கலப்பதற்குரிய கெட்டியான டிகாக்சனுக்குத் தென்னிந்தியக் காப்பி வடிகட்டியே பொருத்தமானது.